புதுப்பிப்பு: எம்ஆர்ஐ, சிடி பொருத்தத்தில் புராஸ்டேட் விலகி நின்ற சிக்கல் தீர்ந்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. புராஸ்டேட் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சையைத் திட்டமிடுவதற்காக எம்ஆர்ஐ படத்தைச் சிடியோடு பொருத்தும்போது இடுப்பெலும்பு கச்சிதமாகச் சேருகிறது, புராஸ்டேட் சுரப்பி மட்டும் சில மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறதே என்று கேட்டிருந்தேன்.

எலும்பை விட்டுவிட்டு, சுரப்பிக்குள் அடையாளத்துக்காகப் பதித்த சிறு தங்கத் துண்டுகளை (குறிகளை) வைத்துப் பொருத்தச் சொன்ன யோசனைதான் பலித்தது. மலக்குடலில் வாயு சேர்ந்தாலோ சிறுநீர்ப்பை நிரம்பினாலோ சுரப்பி நகர்ந்துவிடும், எலும்பு இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு ஸ்கேனையும் ஒரே நாளில், ஒரே மாதிரி தயாரிப்போடு எடுத்ததும் உதவியது.

ஆனால் சுரப்பியைப் பார்க்க வழக்கமாக எடுக்கும் டி2 வகை எம்ஆர்ஐ படத்தில் குறிகள் சரியாகத் தெரியவில்லை. தங்கம் எம்ஆர்ஐயில் சிக்னல் தராது, வெறும் கரும்புள்ளிதான். இன்னொருவர் சொன்னபடி கிரேடியன்ட் எக்கோ படமும் (உலோகம் இருக்கும் இடத்தைக் கருப்பாக எடுத்துக்காட்டும் எம்ஆர்ஐ வகை) சேர்த்து எடுத்தபின் தெளிவாகத் தெரிந்தன. ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்புப் படிவும், குறி வைத்தபோது கசிந்த ரத்தமும் அதே கருப்பில்தான் விழும். சிடியில் குறி இருக்கும் இடத்தோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள்.

எதிர்பாராதது, எம்ஆர்ஐயில் மருத்துவர் வரைந்த சுரப்பி சிடியில் வரைந்ததைவிடக் கண்கூடாகச் சிறியது. குறிப்பாகக் கீழ்முனையில். சிடியில் அங்கே தசை எது, சுரப்பி எது என்று பிரிப்பதே பெரும்பாடு.

நாங்கள் கதிர்வீச்சு டோஸைக் கணக்கிடுவது இன்னும் சிடியில்தான். அந்தக் கணக்குக்குத் தேவையான திசுவின் எலக்ட்ரான் அடர்த்தியை எம்ஆர்ஐ நேரடியாகத் தராது.