மலைப்பாதையில் ஏறும்போது ஹீட், இறங்கும்போது பிரேக்: பார்த்ததைப் பகிருங்கள்

அடிவார ஒர்க்‌ஷாப்:

சீசன் ஆரம்பித்துவிட்டால் ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு அடிவாரத்து ஒர்க்‌ஷாப்புகளுக்கு இரண்டு புகார்தான் மாறி மாறி வரும். ஏறும்போது இன்ஜின் ஹீட் ஆகிவிட்டது என்பார்கள், இல்லையென்றால் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை என்பார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: உண்டாகும் சூடு வெளியேற வழியில்லை.

இறக்கத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1500 மீட்டர் உயரம் இறங்க வேண்டும். ஆளும் சாமானும் சேர்த்து 1500 கிலோ உள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கினால் சுமார் 22 மெகாஜூல் சக்தி வெளியே வரும். அறையில் வைத்த 70 லிட்டர் தண்ணீரை அது கொதிநிலைக்குக் கொண்டுபோய்விடும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்க வேண்டும். நாலாவது கியரில் இறங்கினால் கிட்டத்தட்ட முழுச் சுமையும் பிரேக் தலையில்தான் விழும்.

பிரேக் போனது என்று வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, பெடல் எப்படி இருந்தது என்பதை. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் (சுற்றும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) அளவுக்கு மீறிச் சூடாகி அதன் பிடிப்பு போயிருக்கிறது. பெடல் பொதபொதவென்று தரை வரைக்கும் போனது என்றால் பிரேக் ஆயில் கொதித்து லைனுக்குள் ஆவிக்குமிழி வந்திருக்கிறது. ஆயிலை அமுக்க முடியாது, அதனால்தான் காலின் அழுத்தம் வீலுக்குப் போகிறது. ஆவியை அமுக்க முடியும், அதனால் மிதிப்பது எல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். முதல் வகையில் வண்டி ஆறியதும் பிரேக் பெரும்பாலும் திரும்பி வரும். இரண்டாவது வகையிலும் ஆறினால் பெடல் மேலே வரும், ஆனால் அந்த ஆயிலை நம்பி மறுபடி இறக்கத்தில் போகவே கூடாது.

நீலகிரி டாக்ஸி:

அண்ணன் சொன்ன கணக்கை டிரைவர் பாஷையில சொல்றதுன்னா, எந்த கியர்ல ஏறுதோ அதே கியர்ல இறக்கு. அவ்ளோதான். நீலகிரி ரோட்டுல இரண்டாவது கியர்ல இறங்கச் சொல்லி போர்டு வச்சிருக்கிறது சும்மா இல்ல. இரண்டாவதுல 25, 30 வேகத்துல வந்தா இன்ஜினே பிடிச்சுக்கும். 3000 ஆர்பிஎம்மில சத்தம் வரும், வெளியூர்க்காரங்க அதக் கேட்டுப் பயந்து மூணு, நாலுன்னு மாத்திடுவாங்க. பெட்ரோல் வண்டியில ரெட் லைன், அதாவது தாண்டக் கூடாத ஆர்பிஎம், 6000 பக்கத்துல இருக்கு, 3000த்துல இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது.

பிரேக்க லேசா வச்சுக்கிட்டே வர்றதுதான் பெரிய தப்பு. பேட் டிஸ்க்க விட்டுப் பிரியவே இல்லன்னா காத்து உள்ள போகாது, சூடு ஏறிக்கிட்டே இருக்கும். வேகம் 40 ஆச்சா, நேர் ரோட்டுல வளைவுக்கு முன்னாடியே நல்லா அழுத்தி 25க்குக் கொண்டு வாங்க, காலை முழுசா எடுத்துடுங்க. மூணு, நாலு செகண்ட் பிரேக், அப்புறம் காத்து வாங்க நேரம். கொண்டை ஊசிக்குள்ள போய் மிதிச்சா வெயிட் எல்லாம் முன் வீலுக்கு வந்து, மழை நாள்ல பின்பக்கம் வழுக்கும்.

நியூட்ரல் போட்டா டீசல் மிச்சம்னு இன்னும் சொல்றாங்க. இப்ப இருக்கிற இன்ஜெக்‌ஷன் வண்டியில கியர்ல போட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா, இன்ஜெக்டர் எரிபொருளையே நிறுத்திடும், வீல்தான் இன்ஜினச் சுத்தும். நியூட்ரல்லதான் ஐடிலிங்குக்கு எரியும். மிச்சம் பண்ணப் போய் செலவும் ஆகுது, இன்ஜின் பிடிமானமும் போகுது. சாவிய அணைச்சுட்டு இறங்குறது அதைவிட மோசம். மிதிய லேசாக்குற பிரேக் பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்யூம் இரண்டு, மூணு மிதிக்குத்தான் வரும், அப்புறம் பெடல் இறுகிடும். பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. சாவிய எடுத்துட்டா ஸ்டியரிங்கே லாக் ஆயிடும்.

இன்னொண்ணு, முன் சீட்டுல தண்ணி பாட்டில சும்மா போட்டு வைக்காதீங்க. இறக்கத்துல அது உருண்டு நேரா பிரேக் பெடலுக்கு அடியிலதான் போய் நிக்கும்.

கரூர் வாசகர்:

ஆட்டோமேட்டிக் வண்டிக்கு என்ன செய்வது? டி-யில் விட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று ஷோரூமில் சொன்னார்கள். எலெக்ட்ரிக் காருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீலகிரி டாக்ஸி:

டி-யில விட்டா பல வண்டி மேல் கியருக்கே போகும் சார், அதுக்கு மலைன்னு தெரியாது. ஏஎம்டியா (கம்ப்யூட்டரே கிளட்ச், கியர் மாத்துற வண்டி) இருந்தா லிவரை எம் பக்கம் தள்ளி இரண்டாவதுக்குக் கொண்டு வாங்க. பழைய மாதிரி ஆட்டோமேட்டிக்ல 2 அல்லது எல். சிவிடியில, அதாவது படிப்படியா கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்ல, எல் இருந்தா எல், இல்லன்னா எஸ். ஸ்டியரிங் பின்னாடி பேடில் இருந்தா மைனஸ் பக்கம். இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடணும். வேகம் ஏறினப்புறம் கேட்டா, ஆர்பிஎம் அதிகம்னு கம்ப்யூட்டர் கியரைக் குறைக்க மறுத்துடும்.

எலெக்ட்ரிக்ல ரீஜென், அதாவது மோட்டாரே வண்டிய இழுத்துப் பிடிச்சு பேட்டரிய சார்ஜ் பண்றது, கூடுதலா வச்சுக்கிட்டா அருமையா இறங்கும். ஆனா ஊட்டியில ராத்திரி பூரா சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோட கிளம்பாதீங்க. பேட்டரி நிறைஞ்சிருந்தா சக்தியத் திருப்பி வாங்க இடம் இல்ல, ரீஜென் குறைஞ்சுடும், எல்லாம் பிரேக் மேல வந்துடும். இறங்குற நாள் 80, 85ல நிறுத்திக்கலாம், கீழ வரும்போது ஏறியிருக்கும்.

ஐடிஐ வாத்தியார்:

பிரேக் ஆயில் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் இன்ஜின் ஆயிலை ஒழுங்காக மாற்றுவார்கள், இதைத் திறந்தே பார்க்க மாட்டார்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் டப்பா மூடி வழியாகவும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே போகும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் அது 140க்கு இறங்கிவிடும். டாட் 4 புதிதில் 230, ஈரம் சேர்ந்தால் 155. மலை இறக்கத்தில் காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பக்கத்துச் சூடு இந்த எண்களைத் தொடுவது சர்வசாதாரணம். ஐந்தாறு வருடம் மாற்றாத ஆயிலோடு சமவெளியில் ஓடும் வண்டியில் எந்தக் குறையும் தெரியாது. மலையில்தான் தெரியும்.

ஆகவே இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது முழுதாக மாற்றுங்கள். டப்பாவில் உள்ளதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்றுவது பிரயோஜனமில்லை, கொதிப்பது காலிப்பரில் நிற்கும் பழைய ஆயில். நான்கு வீலிலும் ஏர் எடுக்கும் நிப்பிள் வழியாக, கறுப்பு போய்த் தெளிவாக வரும் வரை வெளியேற்ற வேண்டும். வலது பக்க ஸ்டியரிங் வண்டியில் பொதுவாக இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்ற வரிசை. சில ஏபிஎஸ் வண்டிகளுக்குக் கம்பெனி வேறு வரிசை கொடுத்திருக்கும், மேனுவலைப் பாருங்கள். சாதாரணக் காருக்கு ஒரு லிட்டர் தாராளமாகப் போதும். சீல் உடைக்காத பாட்டில்தான் வாங்க வேண்டும். போன வருடம் பாதி மிச்சம் வைத்த பாட்டில் ஈரம் குடித்த பாட்டில். வேலை நடக்கும்போது டப்பாவில் அளவு மினிமத்துக்குக் கீழே போனால் காற்று புகுந்து வேலை முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அதே டப்பாவில் அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்து ஆயில் அங்கே போய் நிற்கும், அதனால்தான் குறைகிறது. பேட் கனம் பாருங்கள். புதிதில் 10 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், 3க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். மலைக்குப் போவதாக இருந்தால் 4, 5 இருக்கும்போதே மாற்றிவிட்டுப் போவது நல்லது, மெல்லிய பேட் சூட்டைச் சீக்கிரம் ஆயிலுக்குக் கடத்திவிடும். பேட்டும் கனமாக இருந்து ஆயிலும் குறைந்தால் எங்கோ லீக். வீலின் உள்பக்கம் ஈரம் தேடுங்கள்.

அடிவார ஒர்க்‌ஷாப்:

இனி ஏறும் பக்கம். ஹீட் ஆன வண்டியில் காரணம் தேட ஒரு சுலபமான பிரிவு உண்டு. டிராஃபிக்கில் நிற்கும்போது சூடு காட்டும் முள் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மேல். ஏற்றத்திலோ நீண்ட ஓட்டத்திலோ ஏறினால் தண்ணீர் ஓட்டம் மேல்: ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலண்டை ஓடவிடும் வால்வு), வாட்டர் பம்ப், கூலண்ட் குறைவு.

ஃபேனைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. இன்ஜினை ஓடவிட்டு ஏசி போடுங்கள், பெரும்பாலான வண்டிகளில் சற்று நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, அப்புறம் மோட்டார். கைவிட்டுப் பார்க்காதீர்கள், இன்ஜின் அணைந்திருந்தாலும் ஃபேன் திடீரென்று கிளம்பும். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும். முள் மேலே நிற்க, மேல் ஹோஸ் சுட்டு, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் அது திறக்காமல் மாட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வாட்டர் பம்ப் பக்கத்தில் காய்ந்த பச்சை அல்லது சிவப்புப் பொடி படிந்திருந்தால் பழைய கசிவு.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. சாதாரணக் கார் மூடி சுமார் 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தம் தாங்கும், அந்த அழுத்தம்தான் கூலண்ட் 120 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் வைக்கிறது. ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, சமவெளியில் சமாளித்த வண்டி மேலே போகப் போகக் கொதிக்கும். சில நூறு ரூபாய் சாமானுக்காக இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கட் போகிறது, மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கரூர் வாசகர்:

ஹீட் ஆனால் உடனே தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் செய்கிறார்கள். ரோட்டோரத்தில் தண்ணீர் கேன் வைத்திருப்பதே அதற்குத்தானே?

அடிவார ஒர்க்‌ஷாப்:

அந்த அவசரத்தில்தான் முகமும் கையும் வெந்துபோகிறது சார். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் இறங்கி, உள்ளே 110 டிகிரியில் இருப்பது அப்படியே ஆவியாகிப் பீறிடும்.

வரிசை இதுதான். முள் பாதியைத் தாண்டி ஏற ஆரம்பித்ததும் ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ப்ளோயரை உச்சத்தில் போட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். ஹீட்டர் உள்ளே ஒரு சின்ன ரேடியேட்டர், அதுவும் இன்ஜின் சூட்டை இழுக்கும். முள் இல்லாத புது வண்டிகளில் சிவப்பு விளக்கு வரும்போதே நேரம் கடந்திருக்கும், அதைப் பார்த்ததும் நிறுத்த வேண்டியதுதான். ஓரம் கட்டுங்கள், வளைவில் வேண்டாம். ஆவியோ கசிவோ இல்லை, ஃபேனும் சுற்றுகிறது என்றால் இன்ஜினை ஐடிலில் விடலாம், பம்ப் ஓடினால் சூடு இறங்கும். ஆவி வந்தாலோ, தரையில் ஒழுகினாலோ, முள் எச் (ஹாட்) தொட்டாலோ உடனே அணையுங்கள்.

அப்புறம் முப்பது நிமிடமாவது பொறுக்க வேண்டும், முக்கால் மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. கனத்த துணியால் மேல் ஹோஸைப் பிடித்து அமுக்குங்கள். விறைப்பாக இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது, தொடாதீர்கள். தளர்ந்த பிறகு துணி போட்டு மூடியை முதல் தடை வரை மட்டும் திருப்பி, சீறல் நின்றதும் கழற்றுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். வெறும் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும், ஊர் வந்ததும் பாதிக்குப் பாதி கூலண்ட் கலவைக்கு மாற்றிவிடுங்கள்.

ஓட்டவே கூடாத நிலை ஒன்று உண்டு. சைலன்சரில் இடைவிடாமல் வெள்ளைப் புகை, ஆயில் மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் நுரை, கூலண்ட் டப்பாவில் குமிழி. இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் ஹெட் கேஸ்கட் என்று எண்ணி வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

நீலகிரி டாக்ஸி:

இறக்கத்துல பிரேக் போயே போச்சுன்னா என்ன செய்யணும்னு யாரும் கேக்கல, நானே சொல்லிடுறேன். இன்ஜின அணைக்காதீங்க. பெடல வேகமா நாலஞ்சு தடவை மிதிச்சு மிதிச்சு விடுங்க, ஆயில் கொதிச்சதா இருந்தா பாதி பிரேக்காவது வரும். அதே நேரம் கியரை ஒவ்வொண்ணா குறைங்க. நாலுல இருந்து நேரா ஒண்ணுக்குப் போனா விழாது, நியூட்ரல்ல மாட்டிக்குவீங்க. ஹேண்ட் பிரேக்கை பட்டனை அமுக்கிப் பிடிச்சபடி மெதுவா இழுங்க, டப்புன்னு இழுத்தா பின் வீல் லாக் ஆகி வண்டி சுத்திடும். பட்டன் மாதிரி எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக்னா, பெரும்பாலான வண்டியில சுவிட்சைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா அதுவே அளவாப் பிடிக்கும். ஹாரனும் லைட்டும் விடாம போட்டு எதிர்ல வர்றவனுக்குத் தெரியப்படுத்துங்க. எதுவும் கேக்கலன்னா மலைச் சுவரு இருக்கிற பக்கம் வண்டியோட பக்கவாட்ட உரசி நிறுத்தறதுதான். தகடு போகட்டும்.

நின்னப்புறம் டிஸ்க்ல தண்ணி ஊத்தாதீங்க, வளையும், விரிசலும் விடும். பேட் கருகின வாசனை வரும்போதே, பிரேக் போறதுக்கு முன்னாடியே, அகலமான இடத்துல நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடறது இதையெல்லாம் தவிர்க்கும். ஏறும்போது வர்ற கருகின வாசனை பிரேக் இல்ல, கிளட்ச். ஏத்தத்துல நிக்கும்போது பாதி கிளட்ச்ல பிடிச்சு வைக்காம ஹேண்ட் பிரேக் போடுங்க.

ஐடிஐ வாத்தியார்:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பிரேக் சூடேறி நிறுத்திய வண்டிக்கு ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து வைக்க வேண்டாம். பின் டிரம் சூட்டில் விரிந்திருக்கும், ஆறிச் சுருங்கும்போது ஷூ பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டு, வீலுக்குக் கீழ்ப்பக்கம் கல் வையுங்கள், முன் வீலைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள். முக்கோணப் பலகையை வண்டிக்குப் பின்னால் 50 மீட்டரில் வைப்பது சமவெளிக்குச் சரி. மலையில் வளைவுக்கு அந்தப் பக்கம், வருபவர் திரும்புவதற்கு முன்பே பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். கிளம்பும்போது கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். ரோட்டிலேயே விட்ட கல்லில் இரவில் பைக் ஏறினால் ஆள் பிழைப்பது கஷ்டம்.