கையில் 60,000 டாலர் இருக்கிறது. வி.ஏ. கடனில் ஜீரோ டவுன் போகலாமா?

கில்லீன்_சார்ஜென்ட்:
வணக்கம். 2015-இல் மாவ்னி திட்டத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவன் நான். தமிழ் தெரிந்தால் கிரீன் கார்டு இல்லாமலே சேரலாம் என்றிருந்த காலம் அது. மறு வருடமே கதவைச் சாத்திவிட்டார்கள். இப்போது டெக்சாஸில், ஃபோர்ட் ஹூட் ராணுவ முகாமில் இருக்கிறேன். கில்லீனில் 3 லட்சம் டாலருக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். ராணுவத்தினருக்கும் முன்னாள் வீரர்களுக்கும் அரசின் வி.ஏ. துறை உத்தரவாதம் தரும் வி.ஏ. கடன் என்பதால் டவுன் பேமென்ட் (முன்பணம்) ஒரு சென்ட்கூட வேண்டாம். ஆனால் சேமிப்பில் 60,000 இருக்கிறது. அதை வீட்டில் போடு என்கிறாள் மனைவி. போடாதே என்கிறார்கள் யூனிட்டில். 3 வருடத்தில் பி.சி.எஸ். (இடமாற்ற உத்தரவு) வந்து வேறு ஊருக்குத் தூக்கியடிக்கலாம். என்ன செய்வது?

பழைய_பூட்ஸ்:
போடாதே தம்பி. 20 வருடம் சர்வீஸ் முடித்து சான் அன்டோனியோவில் உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன். ரூஸ்வெல்ட் 1944-இல் கையெழுத்துப் போட்ட ஜி.ஐ. பில்லில் (முன்னாள் வீரர்களுக்கான உதவிச் சட்டம்) இந்தக் கடனைச் சேர்த்ததே, போரிலிருந்து வந்தவன் கையில் முன்பணம் இருக்காது என்பதால்தான். சாதாரணக் கடனில் 20 சதவீதம் கட்டாவிட்டால் மாதாமாதம் பி.எம்.ஐ. (கடன் கொடுத்தவரைக் காக்கும் இன்சூரன்ஸ்) அழ வேண்டும். நமக்கு அது கிடையாது. இப்படி ஒரு சலுகை வேறு எங்கே கிடைக்கும்?

எக்செல்_அக்கா:
சலுகைதான், இலவசம் இல்லை. முதல் முறை ஜீரோ டவுன் என்றால் வி.ஏ.வுக்குக் கட்டும் ஃபண்டிங் ஃபீ 2.15 சதவீதம், 6,450 டாலர். அதையும் எல்லோரும் கடனிலேயே சேர்த்துவிடுவார்கள். ஆக வீடு 3,00,000, கடன் 3,06,450. வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 30 வருடக் கடனுக்கு மாதம் சுமார் 1,837. வரியும் இன்சூரன்ஸும் தனி. டெக்சாஸில் சொத்து வரி எவ்வளவு அதிகம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

3 வருடம் கழித்து பி.சி.எஸ். வருகிறது. அதுவரை அசலில் குறைந்திருப்பது வெறும் 12,000. பாக்கி சுமார் 2,94,450. விலை ஏறவில்லை, அதே 3 லட்சத்துக்கு விற்கிறீர்கள். ஏஜென்ட், குளோசிங் என்று 6 சதவீதம் போனால் கையில் 2,82,000. வீட்டை விற்பதற்கு நீங்களே 12,000 சொச்சம் எடுத்துப் போக வேண்டும்!

பழைய_பூட்ஸ்:
அக்கா, கணக்கு சரி, முடிவு தப்பு. 60,000 போட்டிருந்தாலும் அந்த நஷ்டம் நஷ்டம்தானே? சொந்தக் காசில் கழிவதால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். முன்பணம் போட்டால் ஃபீ குறைவு, அதில் மூவாயிரத்துச் சொச்சமும், வங்கி தரும் வட்டி போகக் கடன் வட்டியில் கொஞ்சமும் மிஞ்சும். நான் சொல்வதுபோல் போனால் 60,000 வங்கியில் இருக்கும், அதிலிருந்து 12,000 கட்டிவிட்டுப் போய்விடலாம்.

எக்செல்_அக்கா:
வங்கியில் இருந்தால். மூன்று வருடம் அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்த ராணுவக்காரர் எத்தனை பேர் உங்களுக்குத் தெரியும்? ஃபோர்ட் ஹூட் வாசலில் வரிசையாக நிற்கும் புது டிரக்குகள் எல்லாம் யார் காசு?

பழைய_பூட்ஸ்:
டிரக் விஷயத்தில் நான் வாயைத் திறக்க மாட்டேன். :) ஆனால் ஏன் விற்க வேண்டும்? வாடகைக்கு விட்டுவிட்டுப் போகட்டும்.

நார்ஃபோக்_வீட்டம்மா:
வாடகைக்கு விடு என்று சொல்வது சுலபம் அண்ணா. என் கணவர் கடற்படை. அவர் கப்பலில் போன பிறகு, இரண்டாயிரம் மைல் தள்ளி, வாடகைக்கு விட்டிருந்த எங்கள் வீட்டின் வாட்டர் ஹீட்டர் புட்டுக்கொண்டதை ராத்திரி 11 மணிக்குக் கேட்டது நான். பார்த்துக்கொள்ள ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனி வேறு. மாதாமாதம் கமிஷன் எடுத்தார்கள், போனை எடுக்கவில்லை. அந்தக் கடன் முடியாததால் என் கணவரின் எண்டைட்டில்மென்ட்டில் (வி.ஏ. உத்தரவாதம் பெறும் உரிமை) ஒரு பகுதி அங்கேயே மாட்டிக்கொண்டது. அடுத்த வீட்டுக்கு மிச்சமிருந்ததைப் பயன்படுத்தினோம். இரண்டாம் முறை ஜீரோ டவுன் என்றால் ஃபீ 3.3 சதவீதம், அதையும் மறக்காதீர்கள்.

வரிகட்டுபவன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஹெச்-1பியில் 12 வருடம் வரி கட்டியும் எனக்கு இப்படி ஒரு கதவு திறக்கவில்லை. இவர்கள் கடனுக்கு நான் ஏன் ஜாமீன்?

பழைய_பூட்ஸ்:
கடன் கொடுப்பது வங்கி. வி.ஏ. அதில் 25 சதவீதம் வரை உத்தரவாதம் தருகிறது. உங்கள் மேல் விழும் சுமையைக் குறைக்கத்தான் எங்களிடம் அந்தப் ஃபீயே வாங்குகிறார்கள். கேட்க வேண்டிய நியாயம் வேறு இருக்கிறது. 1947-இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் எபோனி இதழ் எடுத்த கணக்கில், வி.ஏ. உத்தரவாதம் தந்த 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனது 2. சட்டம் எல்லோருக்கும்தான், கையெழுத்துப் போட வேண்டியது உள்ளூர் வங்கி.

வரிகட்டுபவன்:
இரண்டா? சரி, நான் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது.

நார்ஃபோக்_வீட்டம்மா:
சார்ஜென்ட் தம்பி, ஒன்று கேட்கிறேன். வட்டி குறைவாக இருந்த 2021-இல் வாங்கியவர் யாராவது அங்கே விற்கிறாரா பாருங்கள். விற்பவரின் வி.ஏ. கடனை, வீட்டை வாங்குபவர் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம், பழைய வட்டியோடு. அதற்குப் பெயர் அசம்ப்ஷன், ஃபீ 0.5 சதவீதம்தான்.

கில்லீன்_சார்ஜென்ட்:
அக்கா, நேற்று ராத்திரி முழுக்க அதையே தேடினேன். ஒன்று கிடைத்திருக்கிறது. வட்டி 2.75, பாக்கி சுமார் 2,24,000, மாதம் 1,020 டாலர். கேட்கும் விலை 2,84,000. நடுவில் இருக்கும் 60,000-ஐ ரொக்கமாகத் தர வேண்டும். சேமிப்பு துல்லியமாக அவ்வளவுதான்!

பழைய_பூட்ஸ்:
1,837 எங்கே, 1,020 எங்கே! இதற்குப் போடு தம்பி. கண்ணை மூடிக்கொண்டு போடு.

எக்செல்_அக்கா:
நேற்றுவரை போடாதே என்றவர் இன்று மொத்தத்தையும் போடச் சொல்கிறார். அவசரத்துக்கு வைத்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது தம்பி. ஃபீ மட்டும் 1,120. ஏ.சி. படுத்துவிட்டால் டெக்சாஸ் ஆகஸ்டில் என்ன செய்வீர்கள்? விலையில் 8,000, 10,000 குறைக்கச் சொல்லுங்கள், அது உங்கள் கையில் நிற்கட்டும்.

நார்ஃபோக்_வீட்டம்மா:
விற்பவரும் ராணுவம் என்றால் உங்கள் எண்டைட்டில்மென்ட்டை அவருடையதற்குப் பதிலாக வைக்கச் சொல்வார். வைத்தால்தான் அவருடையது விடுபடும். விலை பேச அது உங்களுக்கு ஒரு துருப்புச்சீட்டு. ஆனால் சில கம்பெனிகள் அசம்ப்ஷன் பேப்பரை மாதக்கணக்கில் ஊறப்போடும். வாடகை ஒப்பந்தத்தை அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள்.

கில்லீன்_சார்ஜென்ட்:
விற்பவர் ஒரு ஸ்டாஃப் சார்ஜென்ட், ஜெர்மனிக்கு ஆர்டர் வந்துவிட்டதாம். சனிக்கிழமை மனைவியோடு போய்ப் பார்க்கிறோம். 2,75,000-இல் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். மனைவி 2,70,000 என்கிறாள்.