கருஞ்சிறுத்தையா, கறுப்புப் பூனையா? வீடியோவையும் தடத்தையும் வைத்து எப்படிச் சொல்வது?

வரப்போரம் (கேள்வி):
அந்தி வெளிச்சத்தில் போனில் எடுத்த சில நொடி வீடியோ. முழுக்கக் கறுப்பு, நீண்ட வால், நடந்துபோய்ப் புதருக்குள் மறைகிறது. தூரம் 40 மீட்டர் இருக்கலாம். பாதிப் பேர் கருஞ்சிறுத்தை என்று சத்தியம் செய்கிறார்கள், மீதிப் பேர் வீட்டுப்பூனை என்று சிரிக்கிறார்கள். ஈரமண்ணில் சில தடங்களும் உண்டு. எதை நம்புவது?

வெருகு:
நிறத்தை முதலில் ஒதுக்கிவையுங்கள். கறுப்பு வீட்டுப்பூனை எங்கும் உண்டு, காட்டுப்பூனையிலும் கறுப்பு பதிவாகியிருக்கிறது. பெரும்பூனைகளில் சிறுத்தைக்கும் ஜாகுவாருக்கும்தான் அது வழக்கம். (அமெரிக்கக் கண்டங்களின் பெரிய பூனையான பியூமாவில் உறுதியான கறுப்பு இதுவரை ஒன்றுகூட இல்லை. பார்த்ததாகச் சொல்பவர்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை.)

அளவைக் கண்ணால் சொல்லவே முடியாது, அளந்துதான் ஆகவேண்டும். வீடியோ எடுத்த அதே இடத்தில், அதே உயரத்தில், அதே ஜூமில் போனைப் பிடியுங்கள். 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்ட குச்சியை விலங்கு நடந்த பாதையில் இன்னொருவர் நட்டுப் பிடிக்கட்டும். இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தோள் உயரத்தைப் பாருங்கள். வீட்டுப்பூனை ஏறக்குறைய 25 செ.மீ., காட்டுப்பூனை 35-40, வளர்ந்த சிறுத்தை 55-70.

தப்பு நடப்பது தூரத்தில். விலங்கு 30 மீட்டரில் போயிருக்க, குச்சியை 40-ல் நட்டால், 25 செ.மீ. பூனை 33 என்று காட்டும். வீட்டுப்பூனை காட்டுப்பூனையாகிவிடும். ஆனால் 25-ஐ 60 ஆக்க வேண்டுமானால் தூரத்தை இரண்டு மடங்குக்கு மேல் தவறாகக் கணித்திருக்க வேண்டும். அதனால் எந்தப் புல் விலங்குக்கு முன்னால் மறைத்தது, எந்தக் கல் பின்னால் தெரிந்தது என்று பார்த்து இடத்தைக் குறுக்குங்கள்.

பிறகு காது. சிறுத்தைக்குத் தலையோடு ஒப்பிட்டால் காது சின்னது, உருண்டை, இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. வீட்டுப்பூனைக்கு எடுப்பான முக்கோணம். கழுத்தும் பாருங்கள்: சிறுத்தைக்குத் தலையும் கழுத்தும் ஒரே தடிமனாக ஓடும். காட்டுப்பூனையின் வால் குட்டை, பின்னங்காலின் முட்டியைத் தாண்டினாலே அதிகம். உங்கள் வீடியோவில் வால் உண்மையிலேயே நீளம் என்றால் காட்டுப்பூனை கணக்கிலிருந்து கழன்றுவிடும்.

மண்வாசி:
தடத்துக்கு வருவோம். நேர் மேலிருந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, காலை அல்லது மாலைச் சாய்வெளிச்சத்தில் படம் எடுங்கள். அகலத்தை விளிம்போடு விளிம்பு அளக்காதீர்கள். சேற்றில் பக்கச்சுவர் சரிந்து தடம் பெருத்துவிடும். குழியின் அடிமட்டத் தரையை மட்டும் அளங்கள். வீட்டுப்பூனை 3-4 செ.மீ., சிறுத்தை பொதுவாக 7-9.

அச்சு எடுக்க: சுற்றிலும் அட்டைப் பட்டையை வளைத்து நிறுத்தி, பாரிஸ் சாந்து இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து, தடத்தின் மேல் நேரடியாக ஊற்றாமல் ஓரத்திலிருந்து வழியவிடுங்கள். அரைமணி நேரமாவது தொடவேண்டாம்.

வரப்போரம்:
நன்றி. இரண்டு தடத்தில் நகக்கீறல் தெரிகிறது. அப்போ நாய்தானே?

மண்வாசி:
அவசரப்படாதீங்க. வழுக்கும் சேற்றில் பிடிமானத்துக்குப் பூனையும் நகத்தை நீட்டும். நகத்தை விட உள்ளங்கால் திண்டு நம்பகமானது: பூனையினத்தில் அது பெரிது, பின்விளிம்பில் மூன்று மேடு இருக்கும். நாயில் சின்னது, முக்கோண வாக்கில் இருக்கும். பூனையின் நான்கு விரல்களில் ஒன்று கொஞ்சம் முந்தி நிற்கும், நாயின் தடம் இடமும் வலமும் ஒத்துப்போகும். ஐந்து விரல் பதிந்திருந்தால் புனுகுப்பூனையையோ மரநாயையோ யோசியுங்கள்.

இரவுக்கண்:
அதே பாதையில் தானியங்கிக் கேமரா வைக்க வாய்ப்பிருந்தால் வையுங்கள் (காட்டு நிலமென்றால் வனத்துறை அனுமதியோடு). தரையிலிருந்து 40 செ.மீ., பாதையிலிருந்து 3-4 மீட்டர், முன்னால் ஆடும் புல்லை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றடிக்கும் போதெல்லாம் கிளிக் ஆகி மெமரி நிரம்பும். சூரிய உதயத் திசையைப் பார்த்து வைக்காதீர்கள். அகச்சிவப்பு ஒளியில் கருஞ்சிறுத்தையின் புள்ளிக்கொத்துகள் தெளிவாகவே தெரியும், பகலில் தெரியாதவைகூட.

எச்சமோ முடியோ கிடைத்தால் வெறுங்கையால் தொடாமல் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுவிடும். நாளும் இடமும் உறைமேல் எழுதுங்கள்.

எலும்பு கிடைத்தாலும் உடனே முடிவுக்கு வரவேண்டாம். 1995-ல் இங்கிலாந்தின் பாட்மின் மூர் பகுதியில் பெரும்பூனைக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று அரசு விசாரணை சொன்ன கொஞ்ச நாளில், அங்கே ஒரு ஆற்றில் மண்டையோடு கிடைத்தது. சிறுத்தையினுடையதேதான். ஆனால் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் ஆராய்ந்தபோது உள்ளே வெப்பமண்டலக் கரப்பான் முட்டைக்கூடு இருந்தது. அதாவது, வெளிநாட்டிலிருந்து வந்த தோல்விரிப்பின் தலை அது.

வெருகு:
ஒன்று விட்டுப்போச்சு. வீடியோவை வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பாதீர்கள், சுருங்கி விவரமெல்லாம் போய்விடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், அசல் கோப்பைப் போனிலேயே வைத்திருங்கள். ஊர் குரூப்பில் போடுமுன் அளவு எடுத்து முடியுங்கள். கூட்டம் கூடினால் தடம் மிதிபட்டுப் போகும்.