சட்டைக் கைக்குள் புகுந்த புலிமுகம்

நான் லண்டனில் வளர்ப்பது பொயிசிலோதீரியா ரீகாலிஸ் என்ற இந்திய மரச்சிலந்தி. வளர்ப்பில் பிறந்த குஞ்சாக வாங்கினேன், அப்போது சுண்டுவிரல் நகத்தளவுதான். இப்போது காலை விரித்தால் என் உள்ளங்கை போதாது.

யாழ்ப்பாணத்தில் இதன் உறவு இனங்களைப் புலிமுகச் சிலந்தி என்போம். அம்மம்மா வீட்டு ஓட்டுக்குக் கீழே ஒன்று வந்தால் தும்புத்தடியோடு முழு வீடும் திரண்டுவிடும். மாங்குளத்துப் பக்கம் 2009இல் ஊர்க்காரர் கொண்டுவந்து காட்டிய செத்த ஆண் சிலந்தி ஒன்றை வைத்துத்தான் ராஜேய் என்ற புது இனமே தெரியவந்ததாம். அதைப் படித்த பிறகுதான், எத்தனையை அடித்திருப்போம் என்று யோசித்தேன்.

சரி, கதைக்கு வருகிறேன். போன வருடம் பெட்டி மாற்ற வேண்டியிருந்தது. குளியல் தொட்டிக்குள் பழைய பெட்டியையும் புதுப் பெட்டியையும் வைத்தேன். வெள்ளைத் தொட்டியில் ஓடினால் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். வழுக்கும் சுவரெல்லாம் இதற்குப் பொருட்டே இல்லை, கண்ணாடியிலேயே ஏறும். தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்தேன். நீளக்கைச் சட்டையைக் கழற்ற மட்டும் மறந்துவிட்டேன்.

மரப்பட்டையோடு அப்பிக்கொண்டு பாசி படிந்தது போல இருந்தது. தூரிகையால் பின்காலை லேசாகத் தொட்டேன். முன்கால்களைத் தூக்கி அடியிலுள்ள மஞ்சளைக் காட்டி எச்சரிக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஒன்றுமில்லை. பட்டையில் இருந்தது, அடுத்த கணம் என் மணிக்கட்டில் இருந்தது. நடுவில் நடந்ததை நான் பார்க்கவே இல்லை. பிறகு இருட்டைத் தேடிச் சட்டைக் கைக்குள் போய்விட்டது.

பாரமே இல்லை. எட்டு ஈரப் பஞ்சு நுனிகள் தோலில் ஒட்டி ஒட்டி விடுவது போல மேலே ஏறியது, முழங்கை மடிப்பில் நின்றது.

"அசையாதேங்கோ," என்றாள் மனைவி, கதவுக்கு வெளியே நின்றபடி.

இந்த இனத்துக்கு அமெரிக்கச் சிலந்திகளைப் போல அரிக்கும் முடியை உதறத் தெரியாது; ஒன்று ஓடும், இல்லாவிட்டால் கடிக்கும். கடியால் யாரும் செத்ததாகப் பதிவில்லை. ஆனால் விரலில் கடிபட்ட நண்பர் ஒருவருக்கு முதலில் குத்திய வலிதான். பல மணி நேரம் கழித்துத் தொடையெல்லாம் தசை பிடித்து இழுத்தது. ஒரு வாரம் கழித்தும் அந்த இழுப்பு திரும்ப வந்தது. அவர் முகம்தான் அப்போது என் கண்ணுக்குள் நின்றது.

சட்டைப் பொத்தான்களை இடக்கையால் ஒவ்வொன்றாகக் கழற்ற கால் மணி நேரம் ஆனது. துணியை மெல்ல விலக்கி வெளிச்சம் பட்டதும், சிலந்தி தானாகவே இறங்கி, எதிரே சாய்த்து வைத்திருந்த தக்கைப்பட்டைக் குழாய்க்குள் நுழைந்தது. இரண்டு கிழமை சாப்பிடவில்லை. நானும் அந்தப் பெட்டியை இன்றுவரை அரைக்கைச் சட்டையோடுதான் திறக்கிறேன்.