கேட் போர்டுல லேப்காரங்களும் வரணும்

ஈக்காட்டுத்தாங்கல் தெருக் குழு, 2021 ஏப்ரல் 8

சேகர் சார்: சித்திரை ஒண்ணுக்கு கேட்ல வைக்கிற போர்டு வாசகம்: "கொரோனா காலத்தில் உயிர் காக்கும் டாக்டர்கள், நர்சுகள், தூய்மைப் பணியாளர்கள், காவல்துறையினருக்கு எங்கள் தெருவின் வணக்கம்." வேற எதாவது சேர்க்கணுமா?

லதா அக்கா: கொரோனா டெஸ்ட் பண்ற லேப்காரங்களை சேர்க்கணும் சார். ரிசல்ட் வந்தாதான் பேஷன்ட்டை எந்த வார்டுல போடறதுன்னே முடிவாகும். போன வருஷம் மார்ச் 22 கை தட்டுனோம், மே 3 ஆஸ்பத்திரிங்க மேல ஹெலிகாப்டர்ல பூ தூவுனாங்க. லேப் ஆளுங்க யார் கண்ணுலயும் படல.

பானு: மூக்குல குச்சி விடறாங்களே, அவங்கதானே அக்கா?

லதா அக்கா: அவங்களும்தான் பானு. ஆனா வேலை அதுக்கப்புறம்தான் நீளும். குச்சி விடிஎம் ட்யூப்ல, அதாவது வைரஸ் கெடாம வைக்கிற திரவம் இருக்கிற ட்யூப்ல, போகும். மூணு அடுக்கு பேக்கிங், ஐஸ் பாக்ஸ்ல 2லேந்து 8 டிகிரி. மூடி சரியா இறுகலன்னா கசிஞ்சிடும், சாம்பிள் ரிஜெக்ட். ட்யூப் மேல இருக்கிற பேரும் எஸ்ஆர்எஃப் நம்பரும் (சாம்பிளுக்குக் குடுக்கற அடையாள நம்பர்) ஃபார்மோட ஒத்துப் போகலன்னா தனியா எடுத்து வெச்சுடுவாங்க. ரிசல்ட் லேட்டாகறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

ராமநாதன் சார்: கிருமி வெளிய பரவாம காத்தை வடிகட்டற பெட்டி, கிளாஸ் 2 பயோசேஃப்டி கேபினெட், அதுக்குள்ள வெச்சுதான் ட்யூபைத் திறப்பாங்க. வைரஸை உடைக்கிற திரவமான லைசிஸ் பஃபர் சேர்த்து வைரஸை செயலிழக்க வைக்கிற வரைக்கும்தான் ஆபத்து அதிகம். அப்புறம் வைரஸோட மரபணுப் பொருளான ஆர்என்ஏவைப் பிரிக்கணும். டெஸ்ட்டுக்கான ரசாயனக் கலவை, மாஸ்டர் மிக்ஸ், அதைக் கலக்கற ரூம் வேற, ஆர்என்ஏ சேர்க்கற ரூம் வேற. இங்கேருந்து அங்க போகலாம், அதே கிளவுஸோட திரும்பி வரக்கூடாது. டெஸ்ட் மெஷின்ல வைக்கிற ப்ளேட்ல 96 குழி. டெஸ்ட் சரியா ஓடுதான்னு பார்க்க வைக்கிற பாசிட்டிவ், நெகட்டிவ் கன்ட்ரோல் ரெண்டு போக 94 சாம்பிள். ஒரு குழிக்கு ஊத்தற ஆர்என்ஏ ஒரு சொட்டுல பத்துல ஒரு பங்குதான் இருக்கும். கை பிசகி, வைரஸே இல்லாத நெகட்டிவ் கன்ட்ரோல்ல வைரஸ் இருக்குன்னு மெஷின் கிராஃப்ல கோடு ஏறிடுச்சுன்னா 94 பேர் ரிசல்ட்டையும் நிறுத்தி, மறுபடி ஓட்டணும்.

பானு: அப்போ "ரிபீட் சாம்பிள்"னு மெசேஜ் வருதே, அது இதனாலயா சார்?

ராமநாதன் சார்: இல்லம்மா, அது வேற. சாம்பிள்ல மனுஷ செல் இருக்கான்னு காட்ட தனியா ஒரு மரபணுவைப் பார்ப்பாங்க. வைரஸ் கோடும் ஏறல, அதுவும் ஏறலன்னா குச்சியில (ஸ்வாப்) சாம்பிள் சரியா எடுபடல, இல்ல ஆர்என்ஏ சரியா பிரியல. அப்படி வந்தா நெகட்டிவ்னு எழுதித் தள்ளிவிடறது சுலபம். அவங்க எழுதறதில்ல. அந்த மெசேஜ் வந்தா லேபைத் திட்டாதீங்க. நாம நன்றி சொல்ல வேண்டிய இடமே அதுதான்.

மல்லிகா அத்தை: அப்போ எல்லாரும் கிளம்பி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் லேபுக்குப் போய் மாலை போட்டு, பொங்கல் வடை குடுத்துட்டு வரலாமே!

லதா அக்கா: கூட்டமா வேண்டாம் அத்தை. பூவோ சாப்பாடோ லேப் உள்ள போகக்கூடாது. பிபிஇ பாதுகாப்பு உடை போட்டுட்டா தண்ணி குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. கழட்டினா அந்த செட் கழிவுப் பைக்குத்தான். அதனால ஷிஃப்ட் மாறுற நேரத்தை முன்னாடியே கேட்டு, ஒருத்தர் மட்டும் போய் வாசல்ல குடுக்கணும். இந்த வெயிலுக்கு சீல் பண்ண மோர் பாக்கெட், தண்ணி பாட்டில், ஆளுக்கு ஒரு பொட்டலம் தயிர் சாதம். பொதுப் பாத்திரம் வேண்டாம்.

ராமநாதன் சார்: கிங் இன்ஸ்டிட்யூட்டைச் சொன்னது பொருத்தம். 1899ல ஆரம்பிச்சது, அந்தக் காலத்துல பெரியம்மை தடுப்பு மருந்து தயாரிச்ச இடம். தமிழ்நாட்டுல கொரோனா டெஸ்ட் முதல்ல ஆரம்பிச்சதும் அங்கதான். ஏப்ரல் 15 லேப் பணியாளர்களுக்கான உலக தினம், அன்னிக்கே குடுக்கலாம்.

ஆல்பர்ட்: சாப்பாட்டோட ஒரு லெட்டரும் வேணும் சார். நிறுவனத் தலைவர் பேருக்கு, தெரு சங்க லெட்டர்ஹெட்ல. லேப் இன்சார்ஜ்கிட்ட லிஸ்ட் வாங்கி ஒவ்வொருத்தர் பேரும் பதவியும் போட்டு ஆளுக்கு ஒரு காப்பி. கான்ட்ராக்ட்ல இருக்கறவங்களுக்கு அடுத்த வேலை தேடும்போது அந்தக் காகிதம் கை குடுக்கும். பொன்னாடை அதுக்கு உதவாது. டேட்டா என்ட்ரி, சாம்பிள் வேன் டிரைவர், கழிவை நீராவியில கிருமி நீக்கற ஆட்டோகிளேவ்ல போடறவங்க, இவங்க பேரு விட்டுப் போகவே கூடாது.

ராமநாதன் சார்: ஆமா. லேப் டெக்னீஷியன் மாதிரி வேலைகளுக்கு தேசிய ஆணையம் அமைக்கற சட்டமே போன மாசம்தான் பார்லிமென்ட்ல நிறைவேறிச்சு. அவங்களுக்கு மரியாதை அவ்வளவு தாமதமா வருது.

லதா அக்கா: போர்டுல மட்டும் ஆள் பேரோ போட்டோவோ வேண்டாம், பதவி போதும். போன வருஷம் ஆஸ்பத்திரி வேலைன்னு தெரிஞ்சதும் வீட்டை காலி பண்ணச் சொன்னவங்க ஊர்ல இருந்தாங்க. லேப் உள்ள போட்டோ எடுக்கவும் கேக்காதீங்க, ட்யூப்லயும் ஃபார்ம்லயும் பேஷன்ட் பேர் இருக்கும்.

சேகர் சார்: சரி. "டாக்டர்கள், நர்சுகள்" அடுத்தே "ஆய்வகப் பணியாளர்கள், சாம்பிள் வாகன ஓட்டுநர்கள்"னு சேர்த்துட்டேன். லதாம்மா, ஷிஃப்ட் நேரமும் இன்சார்ஜ் பதவியும் கேட்டுச் சொல்லுங்க. ஆல்பர்ட், லெட்டர் டிராஃப்ட் ஞாயித்துக்கிழமைக்குள்ள போடுப்பா.

மல்லிகா அத்தை: தயிர் சாதம் என் பொறுப்பு. எத்தனை பேர்னு மட்டும் சொல்லுங்க, நைட் ஷிஃப்டையும் சேர்த்து.