முசோலினிக்கு மக்கள் ஆதரவு இருந்ததா, இல்லையா?

வைகைக்கரை:
இத்தாலியின் பாசிசத் தலைவர் முசோலினியை வெறும் அடியாள் தலைவனாகப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. 1922-ல் மன்னரே அழைத்துப் பிரதமராக்கினார். 1924 தேர்தலில் வென்றார். 1929 வாக்கெடுப்பில் கிட்டத்தட்ட எல்லோருமே 'ஆம்' என்றார்கள். மக்களுக்குப் பிடிக்காத ஆள் 20 ஆண்டுக்கு மேல் நாற்காலியில் உட்கார முடியுமா?

கயல்விழி:
அந்த 1929 வாக்கெடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள் சார். பாசிசக் கட்சியின் உச்ச அமைப்பான மகாசபை முடிவு செய்த 400 வேட்பாளர்கள் கொண்ட ஒரே பட்டியல். எதிர்த்து நிற்க ஒரு கட்சியும் இல்லை. 'ஆம்' சீட்டில் இத்தாலியக் கொடியின் மூவண்ணம், 'இல்லை' சீட்டு வெறும் வெள்ளை. யார் எதைப் போட்டார் என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் விழுந்த வாக்கை ஆதரவு என்று எப்படி எண்ணுவது?

வைகைக்கரை:
1929-ஐ விட்டுவிடுகிறேன். 1924-ல் எதிர்க்கட்சிகள் போட்டியிட்டனவே! முதல் இடம் பிடித்த பட்டியல் 25 சதவீதம் வாங்கினாலே மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் என்று அச்செர்போ சட்டம் கொண்டுவந்தார்கள், சரி. ஆனால் அவர்கள் பட்டியல் 60 சதவீதத்தைத் தாண்டியது. அந்தச் சலுகை தேவையே படவில்லை.

கயல்விழி:
அந்த 60 எப்படி வந்தது? கருஞ்சட்டைக்காரர்கள், அதாவது முசோலினி கட்சியின் அடியாட்கள், தொழிற்சங்க ஆட்களைப் பிடித்து, விளக்கெண்ணெயை வாயில் ஊற்றி, ஊர் நடுவே அவமானப்படுத்தினார்கள். 1923-ல் அதே கும்பலை அரசு சம்பளம் வாங்கும் படையாகவும் ஆக்கிவிட்டார்கள். அப்புறம் அடிபட்டவன் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பான்? தேர்தல் வன்முறையை சோசலிஸ்ட் உறுப்பினர் மத்தேயோத்தி 1924 மே 30 அன்று நாடாளுமன்ற அவையிலேயே எழுந்து சொன்னார். ஜூன் 10 அன்று ரோமில் அவரைக் காரில் கடத்திக் கொன்றார்கள். உடல் ஆகஸ்டில்தான் கிடைத்தது. இதை எழுதும்போதுகூட எனக்கு மனம் பதறுகிறது.

நூலகத்து மேசை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கொலையை விட முக்கியமாக எனக்குப் படுவது 1926. கட்சிகளைக் கலைத்தார்கள், தனி நீதிமன்றம் வைத்தார்கள், தேர்ந்தெடுத்த மேயர்களை எடுத்துவிட்டு அரசு நியமித்த ஆட்களை உட்கார வைத்தார்கள், வேலைநிறுத்தம் குற்றமானது. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் கிராம்சியையே கைது செய்து, பின்னர் 20 ஆண்டுக்கு மேல் தண்டனை கொடுத்தார்கள். விசாரணையே இல்லாமல் உஸ்திகா, லிபாரி, போன்சா என்று தீவுகளுக்கு அனுப்பவும் வழி இருந்தது. 1931-ல் பேராசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றார்கள். சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் ஒரு டஜன் சொச்சம். மற்ற எல்லோரும் பாசிஸ்டுகளா? இல்லை. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

வைகைக்கரை:
இதை மறுக்கவில்லை. ஆனால் மத்தேயோத்தி கடத்தப்பட்டதும் எதிர்க்கட்சிக்காரர்கள் அவையை விட்டே வெளியேறினார்களே, அது அவர்கள் தவறு இல்லையா? களத்தை அவர்களே காலி செய்து கொடுத்தார்கள். முசோலினியின் பிடி அவ்வளவு இறுக்கம் என்றால், 1943 ஜூலையில் அவருடைய மகாசபையிலேயே 19 பேர் எதிராக வாக்களித்து அவரைக் கைவிட்டதும், மன்னர் கைது செய்யச் சொன்னதும் எப்படி நடந்தது?

கயல்விழி:
வெளியேறியது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். மன்னர் தலையிடுவார் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், அவர் அசையவில்லை. 1925 ஜனவரி 3 அன்று நடந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று முசோலினி அவையில் அறிவித்தபோதும் அசையவில்லை. 1922-ல் கருஞ்சட்டைகள் ரோமை நோக்கி வந்தபோது, அன்றைய பிரதமர் ஃபாக்டா நீட்டிய, ராணுவத்தை இறக்கும் அவசரநிலை ஆணையில் கையெழுத்துப் போட மறுத்தவரும் அவர்தான். 1943-ல் செய்ததைச் செய்யும் அதிகாரம் அவரிடம் முதல் நாளிலிருந்தே இருந்தது சார். 1922-ல் அவையில் பாசிஸ்டுகள் வெறும் 35 பேர்.