அறுந்த சாண்டிங் பெல்ட்டை ஒட்டலாமா?

வணக்கம் நண்பர்களே. பட்டறையில் 2க்கு 72 இஞ்ச் பெல்ட் கிரைண்டர் (இரண்டு முனையையும் டேப்பால் ஒட்டி வளையமாக்கிய சொரசொரப்பான பட்டையைச் சுழற்றித் தேய்க்கும் மெஷின்; பட்டை 2 இஞ்ச் அகலம், 72 இஞ்ச் நீளம்) ஓட்டுகிறேன். போன மழைக்காலத்துக்கு முன்பு மொத்தமாக வாங்கிய பெல்ட்டுகள் இப்போது ஒவ்வொன்றாக ஜாயின்ட்டில் விட்டுப்போகின்றன. 60ஆம் நம்பர் சொரசொரப்பு புதுசு போலவே இருக்கிறது. பின்பக்க டேப் மட்டும் காய்ந்து அப்பளம் மாதிரி உடைகிறது. சூப்பர் க்ளூ போட்டுப் பார்த்தேன். சூடேறியதும் பட்டென்று அறுந்து முழங்கையில் ஒரு அடி (நல்லவேளை, கண்ணாடி போட்டிருந்தேன்). இரண்டு முனையையும் சரிவாக வெட்டி, பாலியஸ்டர் டேப் வைத்து அழுத்தி ஒட்டினால் நிற்கும் என்கிறார்கள். யாராவது செய்திருக்கிறீர்களா? அந்த டேப்பும் பசையும் சில்லறையில் எங்கே கிடைக்கும்? இல்லை, கிழித்து உப்புத்தாள் மாதிரி கைத்தேய்ப்புக்கு வைத்துக்கொள்ளட்டுமா? பதினான்கு பெல்ட் கிடக்கிறது, தூக்கிப்போட மனசு வரவில்லை.